ஆற்றுத் தண்ணீரில் ஊற்றிய பிலிம்

ஐப்பசி அடைமழையில் பிலிம் காயவே காயாது, ஐயா. ஃபேனுக்கு அடியில் போட்டாலும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் இந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நான். பாங்கியில் இருந்து ஓய்வு பெற்ற கோமதிசங்கர். போட்டோ பிலிமைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்கிற கிறுக்கு எங்களுக்குத்தான்.

ஜெலட்டினைச் சுடுநீரில் கரைத்து, உப்பைக் கலந்து, சிவப்பு விளக்கில் வெள்ளிக் கரைசலை விட்டால் பொடிப்பொடியாக மணிகள் விளையும். படம் பதிவது அந்த மணிகளில்தான். நான் காய்ச்சி வடித்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவேன். பதறாத காரியம் சிதறாது. கோமதிசங்கர் படித்துறையில் ஒரு குடம் மொண்டு வந்து அதிலேயே கலக்குவான். "தாமிரவருணியவிட சுத்தமான தண்ணி எங்க வே இருக்கு?" என்பான். அவன் பிலிமை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கக்கூட எனக்கு மனம் வந்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்கு, மணிகளை மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கி எடுத்த படம் ஒன்றுக்காக மதுரைப் புகைப்படக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. முந்தின வாரம்தான் என் வீட்டில் உட்கார்ந்து என் மணிகளின் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். வண்ணார்பேட்டையில் நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன்.

"அது என் மணிதானே வே?"

"உமக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? போயி மண்டைக்கு நல்லெண்ணெய் தேயும் வே."

எண்பது பேர் சிரித்தார்கள். அவனை அங்கேயே கொன்றுவிடலாம் என்று தோன்றியது. அதை மறைப்பானேன்.

ஆனாலும் அவனைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். செத்தவனுக்கு அவமானம் ஏது? அவனுக்கும் பக்கத்து வீட்டுப் பாபநாசத்துக்கும் சுவர்த் தகராறு இருந்தது. ஸ்டேஷன் வரைக்கும் போன விஷயம். ஞாயிறு மத்தியானம் கோமதிசங்கர் இருட்டறையில் தனியாக இருப்பான். சாட்சிக்கு ஆள் கிடையாது. நான் அதே படித்துறையில் தண்ணீர் எடுத்து, அவன் வீசியெறிந்த நகக்கண் அளவுத் துண்டு ஒன்றை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, அவனைப் போலவே பிலிம் ஊற்றிப் பழகினேன்.

ஒரு சித்திரை மாத ஞாயிறு. பாபநாசம் கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "வாங்க ஆவுடை அண்ணாச்சி, மோர் குடிக்கியளா?" என்றார். குடித்தேன். பெருங்காயம் போட்ட நல்ல மோர். செம்பை வைக்க அவர் திரும்பியபோது அங்கே கிடந்த அம்மிக் குழவியால் பின்மண்டையில் அடித்தேன். ஒரே அடி. நான் ஊற்றிய பிலிம் துண்டை அவர் கைக்குள் வைத்து விரல்களை மடக்கினேன். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல மனிதர்.

உங்களுக்கு முன்பிருந்த இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டை என்னிடம்தான் கொண்டுவந்தார். இதெல்லாம் தெரிந்தவன் ஊரில் வேறு யார்? ஆற்றுத் தண்ணீரில் ஊற்றிய பிலிம் என்று கோர்ட்டில் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்படி ஊற்றுகிறவன் கோமதிசங்கர் ஒருவன்தான் என்று அவனுக்கு ஆயுள் தண்டனை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பழகியபோது பதினோராவது தடவைதான் மணிகள் அவனுடையவை போலவே வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூலை எலி கடித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் கண்காட்சி மலரில் வந்த பரிசுப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவரை கோபத்தில் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அதிலும் அதே கடித்த மூலை. அது அவன் மணிதான். அவன் என்னிடம் எதையும் திருடவில்லை. இது எனக்குத் தெரிந்து நான்கு நாள் கழித்துத்தான் பாபநாசத்தின் வீட்டுக்குப் போனேன். அத்தனை பாடுபட்டு விளைந்த மணிகளைச் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை.

மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். போன வாரம் ஒரு புகைப்படப் பத்திரிகையில், கோர்ட்டுக்குக் கொடுத்த அந்தத் துண்டின் படத்தை முழுப்பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். என்ன அழகான மணிகள் என்று புகழ்ந்து, கீழே கோமதிசங்கர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அன்று அவன் திருடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். இப்போது சிறையில் உட்கார்ந்தபடியே திருடிவிட்டான். அது ஆவுடைநாயகம் செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.