சலவை நீர் தாமதமான நாள்

எங்கள் விடுதியில் இளநீருக்குப் பப்பாளி இலைக் காம்பைத்தான் உறிஞ்சுகுழலாகக் கொடுப்போம். நான் தொடங்கிவைத்த பழக்கம் அது. பெம்பாத் தீவின் கிழக்குக் கரையில் வேறு எந்த விடுதியிலும் இதைப் பார்க்க முடியாது. நீங்கள் சீருடையில் வந்திருந்தாலும் விருந்தாளிதான். உங்களுக்கும் ஒன்று சொல்லட்டுமா?

நான் மகாமே வுவாய், பக்கத்துக் கிஜிவேனி ஊர்க்காரன். பதினோரு வருடமாக இங்கே மேலாளர். இந்தக் கடலை என்னைப்போல யாரும் பார்த்துக்கொண்டதில்லை. பவளப்பாறையில் நங்கூரம் விழக்கூடாது என்று மிதவை கட்டினேன். அந்த மிதவைக் கோட்டைத் தாண்டிப் படகு போகக்கூடாது என்று விதி வைத்தேன். ஆமை முட்டையிட வரும் மாதங்களில் கரைப்பக்கம் ஒரு விளக்குக்கூட எரியாது.

சங்கைப் பற்றிக் கேட்டீர்கள். கடல் நன்றாக வற்றும் நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாறைத் திட்டுவரை நடந்தே போய்ப் பொந்துகளில் பேய்க்கணவாய் குத்துவார்கள். குனிந்த தலை நிமிராது. திரும்ப ஏறும்போது தண்ணீர் அவர்களுக்கு முன்னால் வராது. முதுகுக்குப் பின்னால், கரைக்கும் திட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் முதலில் நிறையும். அதனால் கடல் திரும்பியதும் கரையிலிருந்து ஒருவர் சங்கு ஊத வேண்டும். விடுதி வந்தபிறகு அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னிடம் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை இருந்தது. நிமிடம் பிசகாமல் ஊதினேன். போகப்போகப் பெண்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அது அவர்கள் செய்த தவறு. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கஸிஜா என் மனைவி சல்ஹாவின் அக்கா. கரையோரத் தண்ணீரில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்த்து வந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்ல மனுஷி. சம்பவத்துக்கு முந்தைய நாள் மதியம் சமையற்கட்டின் பின்வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, உன் குழாய் எங்க போய் முடியுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"எந்தக் குழாய் அக்கா?"

"நடிக்காத. திட்டோட அந்தக் கோடியில, தண்ணி வத்துனா மட்டும் வாய் தெரியுது. தெனமும் பத்து மணிக்கு நுரை தள்ளுது. என் பாசியெல்லாம் வெளுத்துப்போய்க் கை வச்சாக் கூழாவுது. நாளைக்கு அந்த வெள்ளக்காரம்மா உன் கடல் எவ்வளவு சுத்தம்னு பாக்க வருதாமே? ஒரு பாட்டில் பிடிச்சுக் குடுக்கிறேன், மோந்து பாக்கட்டும்."

"நாளைக்குத் திட்டுக்கு யாரும் போறதில்லன்னு ஊர்ல பேசியாச்சே."

"அது பேய்க்கணவாய் பிடிக்கப் போறவங்களுக்கு. நான் உன் சோப்புத் தண்ணி பிடிக்கப் போறேன்." சிரித்தாள். "சங்க மட்டும் நேரத்துக்கு ஊதிடு ராசா. எனக்கு நீச்சல் வராது."

சலவை நீரைச் சுத்திகரிக்கும் எந்திரம் பழுதாகி இரண்டு வருடமாகிறது. உதிரிபாகம் வரும்வரை, தற்காலிகமாக, கழிவுநீரை அந்தக் குழாய் வழியே விட்டுவந்தோம். கஸிஜாமேல் எனக்குக் கோபம் இல்லை. பயம் இருந்தது. அந்த வெள்ளைக்கார அம்மாள் தரவேண்டிய சுற்றுச்சூழல் சான்றிதழ் போனால் விடுதி போகும், தொண்ணூறு குடும்பங்களின் பிழைப்பு போகும், ஆமைகளைக் கவனிக்க ஆள் இருக்காது. ஒரு பக்கம் இவ்வளவு, மறுபக்கம் ஒரு பாட்டில். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலக ஜன்னல் வழியே அவள் திட்டை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். படகோட்டியை அன்று லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்குச் சலவைக்கூடத்திலிருந்து, தண்ணீரைத் திறக்கலாமா என்று போனில் கேட்டார்கள். பதினொன்றுக்குத் திறங்கள் என்றேன். பத்தேகாலுக்குக் கடல் திரும்பும் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாயில் பாட்டிலை வைத்துக்கொண்டு, இதோ வரும் இதோ வரும் என்று குந்தியிருக்கும் ஒருத்தி, சங்கு கேட்காதபோது எதற்காகத் திரும்பிப் பார்க்கப் போகிறாள்?

பதினொன்றேகாலுக்கு அந்த வெள்ளைக்கார ஹெல்லே அம்மாளை நானே படகில் அழைத்துப் போனேன். மிதவைக் கோட்டில் நிறுத்தி நட்சத்திர மீன் காட்டினேன். தூரத்தில் திட்டின்மேல் இடுப்பளவு தண்ணீரில் ஒரு மஞ்சள் துணி அசைந்தது. அலைச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை.

"அங்க நிக்கிறது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எங்க ஊர்ப் பொம்பளைங்க. விருந்தாளியப் பாத்தா இப்படித்தான் கை காட்டுவாங்க."

அவர் முகம் மலர்ந்து, எழுந்து நின்று, இரண்டு கைகளையும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் படகு பவளத்தில் உரசியிருக்கும், அதுவும் சான்றிதழ் கொடுக்க வந்தவர் கண்ணெதிரே. படகைத் திருப்பி ஆமைகள் மேயும் பக்கம் கொண்டுபோனேன். சங்கு என் மடியில்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

அதன்பிறகு இரண்டு நாள் நான் சோறு தண்ணீர் இல்லாமல் கடலில் தேடினேன். மகாமேபோல ஒரு மைத்துனன் யாருக்குக் கிடைப்பான் என்று ஊரே பேசியது. மூன்றாம் நாள் மீனவர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் உடலைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். நான் உள்ளே போக முடியவில்லை. சல்ஹா குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"அன்னிக்கு சங்குச் சத்தம் எனக்குக் கேக்கலியே?" என்றாள்.

"ஊதினேன். நீ அடுப்படியில இருந்திருப்ப."

"வாசல்ல உக்காந்து மீன் அரிஞ்சுக்கிட்டிருந்தேன்."

அன்றுமுதல் அவள் எனக்குப் பரிமாறுகிறாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. உங்களிடம் நான், திட்டில் யாரும் இல்லாததால் ஊதவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னதுதான் என் பிழை. உங்களிடம் வந்து சொன்னது சல்ஹாதான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மறைக்க வேண்டாம்.

ஆமாம், நான் ஊதவில்லை. மறந்துபோய் அல்ல. தண்ணீரைத் தாமதமாகத் திறக்கச் சொன்னதும் நான்தான். அவள் மூழ்குவாள் என்று தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் முன்னால் மேஜைமேல் இருக்கும் அந்தப் பாட்டில், அவள் இடுப்பு முடிச்சில் சல்ஹா கண்டெடுத்தது, அதைத்தான் இரண்டு நாளும் தேடினேன். பிளாஸ்டிக் ஆயிற்றே. கடலில் கிடந்தால் ஆமைகள் தின்றுவிடும்.