எதிர்வீட்டுக் கட்டைவிரல்

– காபியைக் குடிங்க இருசம்மாக்கா. பையனுக்குப் பொண்ணு விசாரிக்க உடையார்பாளையத்துலேர்ந்து பஸ் ஏறி பெரம்பலூர் வந்திருக்கீங்க. எதிர்வூட்டுக்காரி நான் மறைச்சா பாவம். சிந்து நல்ல பொண்ணுதான். ஆனா அந்தக் கட்டைவிரல் இருக்கு பாருங்க...

– கட்டைவிரலுக்கு என்ன பூங்காவனம்? ஊனமா?

– ஊனமா இருந்தாத் தேவலையே! காலையிலேர்ந்து போனைத் தள்ளிக்கிட்டே இருக்கு. மேல தள்ளுது, கீழ இழுக்குது. இன்னொரு போனை மேல கட்டித் தொங்கவிட்டு, அந்த விரலையே வீடியோ எடுக்குது. தாலி கட்டறதைக்கூட அவ்வளவு கிட்டத்துல எடுக்க மாட்டாங்க.

– வூட்லேர்ந்தே கம்பெனி வேலைன்னு தரகர் சொன்னாரே?

– நானும் கேட்டேனே. "விரலை வெச்சா போன்ல ஓடற படம் நிக்கணும் அத்தை, சுண்டிவிட்டா ஓடணும், ஓடி ஓடித் தானா மெதுவாகி நிக்கணும். அப்படி ஓட வெக்கறதுதான் என் வேலை"ங்குது. இதுக்குச் சம்பளமாம்! எம் மவன் சும்மாவே தள்ளிக்கிட்டுக் கெடக்கான்.

– இவ்வளவுதானா? பயந்துட்டேன். இந்த எடம் அமையணும் தாயி. எந்தப் பொண்ணைச் சொன்னாலும் வேணாம்ன எம் பையன், இப்ப அவனே போய்த் தரகரைக் கூட்டியாந்தான். பொறுப்பு வந்துருச்சு. நாளைக்கு ஜாதகம் பாக்கறோம். அது பொருந்தாம எங்கள்ல போட்டோவே மாத்திக்கறதில்ல.

– அப்ப அந்தப் போட்டோவையும் சொல்லிடறேன்.

– எந்தப் போட்டோ?

– கொழம்பு குடுக்கப் போனப்ப அந்தப் போனை எட்டிப் பாத்தேன். தெரியாமத்தான். பூ, மலை, நாய்க்குட்டின்னு படமா ஓடுது. கட்டக் கடைசியில ஒரு பையன். அதுக்கு மேலயும் தள்ளுனா, ரப்பர் மாதிரி இழுபட்டுத் துள்ளி, திரும்ப அவனே வந்து நிக்கறான். இந்தப் பொண்ணும் சிரிக்குது. வேலைன்னா கடைசியில ஒரு பூசணிக்கா படத்தை வெக்கக் கூடாதா?

– அடிப்பாவி! மனசுல வேற எவனோ இருக்கானா? நல்லவேளை சொன்ன. இப்பவே தரகருக்குப் போனைப் போட்டு வேணாம்னுடறேன். எங்க என் போனு? ஆமா, ஆளு எப்படி?

– கறுப்பா, களையா இருந்தான். முந்திரித் தோப்புல நிக்கறான். புருவத்துல குறுக்கால ஒரு தழும்பு.

– ...எந்தப் புருவம்?

– இடது. ஏங்க்கா, எடுத்த போனைக் கீழ வெச்சுட்டீங்க?

– அந்தத் தழும்பு எங்க முந்திரி மரத்துலேர்ந்து விழுந்ததுல வந்தது, பூங்காவனம். நானே மஞ்ச வெச்சுக் கட்டுனேன். எம் மவனுக்குப் பொறுப்பு வந்து தரகரைக் கூட்டியாந்தான்னுல்ல ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்!