ஃப்ரிட்ஜில் ஒரு கேன்

— கருமம், கருமம்! பால் பக்கத்துல என்னடா இது?

— என் மூத்திரம்தான் அக்கா. இருபத்துநாலு மணி நேரத்துது மொத்தமும் கேன்ல பிடிச்சுக் குளிர்ல வைக்கணுமாம். லேப்ல சொன்னாங்க. மூணு பை சுத்தித்தானே வெச்சிருக்கேன்?

— முப்பது பை சுத்து. இனிமே இந்த ஃப்ரிட்ஜ்லேர்ந்து தண்ணி எடுத்துக் குடிப்பேனா? உன் டம்ளருக்கே நெயில் பாலிஷ்ல கோடு போட்டு ஒதுக்கி வெச்சிருக்கேன்.

— எச்.ஐ.வி. டம்ளர்ல ஒட்டாதுன்னு ஏழு வருஷமா சொல்றேன். நீயும் கோடு அழிய அழியப் போட்டுட்டே இருக்க.

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. கிட்னிக்கு என்ன கேடு இப்ப?

— மாத்திரைதான். டெனோஃபோவிர். வேலையை முடிச்சுட்டுக் கிட்னி வழியா வெளிய போயிடணும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வழி சரியா இருக்காதாம். உள்ளயே தேங்கி அரிச்சுடுது. எலும்புக்குப் போற சத்தும் மூத்திரத்துல போயிடுது. அதான் என்னால மாடி ஏற முடியல.

— ஊர் மேஞ்சுட்டு வந்து பிறவி மேல பழி போடறியா? தூ!

— நோய் நான் வாங்கினது. கிட்னி அப்பா அம்மா குடுத்தது. கூடப் பிறந்தவங்களுக்கும் இப்படி இருக்கலாமாம். 'அக்கா இந்த மாத்திரை எதுவும் சாப்பிடறாங்களா'ன்னு டாக்டர் கேட்டார்.

— சீ! என்னை எதுக்குடா அந்த இடத்துல இழுத்த?

— 'அவளா? மகா சுத்தக்காரி'ன்னு சொல்லிட்டேன், பயப்படாத.

— ஏண்டா... சாப்பிடற எல்லாருக்கும் கிட்னி போயிடுமா?

— இல்லக்கா. ஆறு மாசத்துக்கு ஒரு டெஸ்ட் எடுத்தா முன்னாடியே தெரிஞ்சுடும். மாத்திரையை மாத்திடுவாங்க. நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்.

— அந்த அசிங்கத்துக்கு மட்டும்தானே அதைக் குடுப்பாங்க?

— பி வைரஸ் காமாலைக்கும் குடுக்கறாங்களாம்... இரு, உனக்கு வந்தது அந்தக் காமாலைதானே? தினம் ஒண்ணு போடறியே, அது பேர் என்ன?

— எனக்கென்ன தெரியும்?

— டப்பா எங்க? இதுவா? லேபிளே இல்லையே அக்கா.

— கிழிச்சுட்டேன். மூணு வருஷமா வாங்கின அன்னிக்கே கிழிச்சுடறேன். உன் டப்பாவுல இருக்கிற அதே பேருடா. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

— சரி, டெஸ்டாவது எடுத்தியா?

— டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் குடுத்த சீட்டுலயும் மாத்திரை பேரை எழுதியிருந்தாங்க. ஆறு சீட்டையும் கிழிச்சுட்டேன்.