மயிலத்துக்குப் போன முடி

“அவன் அப்பாவ மத்தியானமே சாவடிச்சிட வேண்டியதுதான்.”

கடலூர் பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அப்படி நின்றால் எனக்குக் காது தானாக நீளும். சொன்னவர் முன் இருக்கையில் இருந்தார், தோள்வரை முடி. பக்கத்தில் கேமரா பையை மடியில் வைத்திருந்த பெண் பதறவில்லை.

“அப்பா சாயங்காலம் பீச்சுல வாக்கிங் போற சீன எடுத்துட்டோமேண்ணா.”

“அப்ப ஹீரோ மொட்டத் தலையோட வர்றதுக்கு என்ன காரணம் சொல்றது? கதையே ஒரே நாள்ல நடக்குது.”

“விக்கு வெச்சிடலாமே.”

“வெச்சுப் பாத்துட்டேன். அவங்க அம்மாவாட்டம் இருக்கான்.”

“பாதிப் படத்துல எதுக்கு மொட்ட போட்டான்?”

“ஹீரோ சான்ஸ் கெடச்சா போடறேன்னு மயிலம் முருகனுக்கு வேண்டிக்கிட்டானாம்.”

“படம் முடிஞ்சப்புறம் போட்டிருக்கலாம்ல?”

“கேட்டேன். நீங்க முடிக்கற வரைக்கும் முருகன் காத்திருக்க மாட்டாருங்கறான்.”

பஸ் நகர்ந்தது.

“நீங்களும் ஏதோ வேண்டிக்கிட்டதா சொன்னீங்களேண்ணா?”

“படம் ரிலீஸானா மொட்ட போடறேன்னு.”

அவள் அவருடைய முடியை ஒருமுறை பார்த்தாள்.

“நல்லதா ஒரு சீப்பு வாங்கி வெச்சிக்குங்க.”