சிவப்புக் காய்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்திய வாரம். காஜா பேராங் தெருவில் பேருந்துக்காக நின்ற வரிசை நகரவில்லை. பேச்சுதான் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருவர். இளையவர் திடீரென்று சொன்னார்:

“அண்ணே, வாசகசாலையில இருக்கிற கேரம் பலகை, மாணிக்கம் சொல்லுறதைத்தான் கேக்குது.”

“பலகைக்குக் காது இருக்காடா?” என்றார் மூத்தவர்.

“பவுடரை அவன் பக்கம் மட்டும் தூவுறான். ஏழு நாளா அவன்கிட்டயே தோக்குறேன். மனுசன் சும்மா தோப்பானா?”

“சரி லா. நேத்து நீ தோத்துக் கோவிச்சுக்கிட்டுப் போனதும் சிவப்புக் காயைக் காணோம். மாணிக்கம்தான் திருடிட்டான்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை போட்டியில அவனைச் சேக்க மாட்டாங்களாம்.”

“எனக்கும் அவன் மேலதான் சந்தேகம்.”

மூத்தவர் இளையவரின் சட்டைப்பையைப் பார்த்தார். வட்டமாக ஏதோ புடைத்திருந்தது. கையை நீட்டினார்.

இளையவர் தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, காயை அந்தக் கையில் வைத்தார்.

“கோவத்துல எடுத்துட்டேண்ணே.”

“பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சுன்னு வாசகசாலையில சொல்லிடுறேன்.”

“மாணிக்கம் என்னைச் சந்தேகப்படுவானே?”

“படட்டும் லா. ஏழு நாளா நீ அவனைச் சந்தேகப்படலையா?”

பேருந்து வந்தது. இருவரும் தனித்தனி இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள்.