மூடி தொறந்திருக்கற நேரம்

இல்லீங்க தம்பி, காப்பியெல்லாம் வேண்டாம், சந்தையிலயே குடிச்சுப்போட்டுத்தான் வாரேன். கதவைச் சாத்தாதீங்க, காத்து வரட்டும். அந்தா பெஞ்சுல உக்காந்திருக்கறவிய உங்க ஸ்டுடியோவுல படம் புடிச்சுக்க வந்தவங்களா? இருக்கட்டும், அவிய பாட்டுக்கு இருக்கட்டும். மாட்டுத் தரகன் செங்கோடன் வந்தாலே கத்துவான்னுதான பயப்படறீங்க? இன்னைக்குக் கத்த வரலீங்க.

ஆமாங்க, அந்தப் படந்தான். வாசல்ல கண்ணாடிக்குள்ள மாட்டி வெச்சிருக்கீங்களே, வெண்ணந்தூர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுல புடிச்ச வாணவேடிக்கைப் படம். நல்ல படந்தான், நான் இல்லைங்கலையே. மானத்துல பூவாட்டம் வாணம் விரிஞ்சு நிக்குது. கீழ ஓரத்துல என்ர ஊட்டுக்காரி சௌந்திரம் மொகத்தை நிமித்திப் பாத்துக்கிட்டு நிக்கறா. இந்தச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு வாரவன் போறவனெல்லாம் அதைப் பாத்துப்போட்டு, ஏப்பா செங்கோடா, உன்ர ஊட்டுக்காரி சேலத்துல தொங்கறாளேங்கறான். மாடு புடிக்க வந்தவன் மாட்டுப் பல்லைப் பாக்காம என்ர மொகத்தைப் பாத்து இளிக்கறான். எனக்கு எப்படி இருக்கும்?

அன்னைக்கு வந்து சத்தம் போட்டனே, நெனப்பிருக்குதுங்களா? உங்க படப் பொட்டி நிக்கற முக்காலியக் கூட எட்டி ஒதைச்சேன். நீங்க என்ன சொன்னீங்க? கூட்டத்துல நின்னவங்க தற்செயலாப் படத்துல உழுந்துட்டாங்க, நான் வாணத்தைத்தான் பாத்தேன்னீங்க. நானும் நம்பிப்போட்டேன். அது என்ர தப்பு. எங்க தொழில்ல வாயில வெலை பேச மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, உள்ள எதிராளி வெரலைப் புடிச்சுத்தான் பேசறது. பொய் சொல்றவன் வெரலு நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கண்டுபுடிச்சுத்தான் நான் சோறு திங்கறேன். உங்ககிட்ட அது மறந்துபோச்சு.

நம்பிப்போட்டுப் போறப்பத்தான் ஒரு வீம்பு வந்துச்சு. இவன் தற்செயலாப் புடிச்சதை நான் வேணும்னே புடிக்கறேன் பாருன்னு. ஏற்காட்டுத் தோட்டத் தொரை ஒருத்தரு சீமைக்குப் போறாருன்னு சாமானெல்லாம் வித்தாங்க. கிழட்டு எருமையப் பேசறாப்புல அதுல கெடந்த ஒரு படப் பொட்டிய வெலை பேசுனேன். தோலு கிழிஞ்சிருக்குது, மூடி லொடலொடங்குதுன்னு சொல்லிச் சொல்லியே எறக்கி வாங்கிப்போட்டேன். எப்படி மூடியத் தொறக்கறது, படம் உழுகற கண்ணாடித் தட்டை எப்படி மாத்தறதுன்னு தொரையூட்டுச் சமையக்காரரு காட்டிக் குடுத்தாரு. கண்ணாடித் தட்டை உங்ககிட்டக் கொண்டாந்து கழுவுனா நீங்க பாத்துருவீங்கல்ல? அதனால ரயிலேறி ஈரோட்டுக்குப் போயிக் கழுவிக்கிட்டு வந்தேன்.

சிரிக்காதீங்க. மொதல்ல எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. வெடிச் சத்தம் காதுல உழுந்தப்பறம் மூடியத் தொறந்தேன். சத்தம் வாரப்ப வெளிச்சம் போயிருதே, தட்டு பூராம் கரி. அடுத்த நோம்பியில வண்டி மேல பொட்டிய வெச்சேன். அதிர்வேட்டுக்கு மாடு துள்ளுன துள்ளுல வாணமெல்லாம் மண்புழுவாட்டம் நெளிஞ்சு கெடக்குது. இன்னொருக்கா காத்துக்கு எதுக்க நின்னு, அத்தனை பொகையும் பொட்டிக்குள்ளதான். பொறவு வரவரப் புடிபட்டுச்சு. வாணம் தரையில சீறறப்பவே மூடியத் தொறந்துபோடணும். மேல போயிப் பூத்து உதுந்து முடியற மட்டும், ஒரு வெத்தலை மடிச்சு வாயில போடற நேரம், தொறந்தே வெச்சிருக்கணும். உங்களுக்குத் தெரியாததா!

வாணம் கைக்கு வந்துருச்சுங்களா, அப்பறம் வாணக்காரரை என்ர வெள்ளாமைக் காட்டுக்கே கூட்டியாந்தேன். கலியாணமா, காதுகுத்தா, எதுக்குங்க வாணம்னு அவரு கேக்கறாரு. ஊரே வரப்புல நின்னு வேடிக்கை பாக்குது. சௌந்திரத்தைப் பூவாணத்துக்குப் பக்கத்துல நிறுத்தி, சித்தெ அசையாம நில்லு புள்ளைன்னேன். நின்னாளா? கொசுவை அடிக்கறா. முந்தானையச் சரி பண்றா. கன்னுக்குட்டி கத்துதுன்னு திரும்பறா. என்னங்க இது கூத்துன்னு சிரிக்கறா. வாணக்காரரு சாக்கு காலியாகற மட்டும் புடிச்சேன். எல்லாத் தட்டுலயும் வாணம் முத்து முத்தா உழுந்திருக்குது. அவ நின்ன எடத்துல பொகை. வெறும் பொகை.

தட்டுக் கழுவிக் குடுக்கற ஈரோட்டுக்காரரு அதைத் தூக்கிப் பாத்துப்போட்டுச் சொன்னாரு: மூடி தொறந்திருக்கற நேரம் பூராம் செலையாட்டம் அசையாம நின்னாத்தானுங்க ஆளு படத்துல உழுகும், மூச்சு விட்டாக் கூடக் கலங்கிப்போகும், தற்செயலா ஒருத்தரும் உழுக மாட்டாங்கன்னு.

எந்திரிக்காதீங்க தம்பி. உக்காருங்க.

இன்னைக்கு வாரப்ப வாசல்ல நின்னு உங்க படத்தை இன்னொருக்காப் பாத்தனுங்க. சுத்தி நிக்கற சனமெல்லாம் பொகையாட்டம் கலங்கிக் கெடக்குது. அவ மூக்குத்திக் கல்லு தனியாத் தெரியுது.

அவளைக் கேட்டனான்னா? கேக்கலீங்க. கேட்டா மொகத்துக்கு நேராச் சொல்லிப்போடுவா. அதுக்குத்தான் பயம்.

வேண்டாம், வாயத் தொறக்காதீங்க, பெஞ்சுல ஆளுக பாக்கறாங்க. இந்தாங்க துண்டு. இதுக்குள்ள கையக் குடுங்க. நீங்க நிக்கச் சொல்லி அவ நின்னிருந்தா, என்ர ஒத்தை வெரலைப் புடிங்க. நீங்க ஒண்ணுமே சொல்லாம, அவளாவே உங்க பொட்டிக்காக நின்னிருந்தா, ரெண்டு வெரலைப் புடிங்க.

புடிங்க.

ரெண்டுங்களா.

கைய எடுக்காதீங்க தம்பி. சித்தெ அப்படியே இருங்க.

நடுங்கவே இல்லீங்களே.