இறங்குகிற பக்கத்து டீக்கடை

வண்ணார்பேட்டையில் ஏறியவர் டீ பாய்லரை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே இருந்தவர் தெரிந்தவர் போலிருக்கிறது.

“கடைய மூடிட்டீராக்கும்?”

“மூடியாச்சு வே. பஸ் ஏறுத பக்கந்தான் டீ ஓடுமாம். இறங்குதவன் வீட்டுக்குல்லா ஓடுதான். எதிர்த்த கடை அண்ணாச்சி இன்னைக்குத்தான் சொல்லுதாரு. நான் வாழைமரம் கட்டித் திறந்த அன்னைக்கே அவருக்குத் தெரியுமாம்.”

“அன்னைக்கே சொன்னா என்னவாம்?”

“நீரு கேக்கலையேன்னுட்டாரு.”

பஸ் ஆற்றுப்பாலம் தாண்டியது.

“அந்த இடத்துக்கு இப்ப யாரு வாரா?”

“புதுசா ஒருத்தன். அவனும் டீக்கடைதான். நாளைக்குத் திறக்கான். நான் கிளம்பும்போது வாழைமரம் இறக்கிக்கிட்டு இருந்தான்.”

“நீரு சொன்னீரா?”

அவர் பாய்லரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“அவனும் கேக்கல வே.”